கைநாட்டும் காகிதமும்: தனியாள் கல்வித் திட்டத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கொல்லிமலைக்கு ஏறிவந்த காகிதங்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டிய ஒன்று. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் காட்டைச் சர்க்கார் காடு ஆக்கியது காகிதத்தில்தான். மலையாளி என்று அழைக்கப்படும் இம்மக்கள் பழங்குடியா இல்லையா என்பதைச் சொல்வதும் காகிதம்தான். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருப்பதால் இங்குள்ள மலையாளி பட்டியல் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலிருக்கும் மலையாளி பட்டியலில் இல்லை, பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதல்ல, மாவட்ட எல்லை எங்கே ஓடுகிறது என்பதே இதைத் தீர்மானித்திருக்கிறது.

இப்படிப்பட்ட காகிதங்களுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு கைநாட்டு இருக்கும். கைநாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலை போடச் சரக்குத் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். நாளைக்கு 'இது என் கையெழுத்து இல்லை' என்று கொனாய் சொல்லிவிடக் கூடாது என்பது நோக்கம். சுதேசியின் சொல்லை நம்ப முடியாது, ஆகவே அவன் உடம்பையே சாட்சியாக்கு என்பது இதன் தர்க்கம். இந்தக் கைநாட்டு வைத்தவரைக் கட்டும், வாங்கியவரைக் கட்டாது.

மலைக்கு அண்மைக் காலத்தில் வந்துசேர்ந்திருக்கும் இன்னொரு காகிதத்தைப் பற்றியதே இக்கட்டுரை. 'தனியாள் கல்வித் திட்டம்' என்று பெயர். பள்ளிக்கூட வட்டாரத்தில் 'ஐ.இ.பி.' என்பார்கள். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மிகைத்துடிப்பு என்றெல்லாம் மருத்துவம் பெயரிட்டிருக்கும் குழந்தைகளுக்கு, ஆளுக்கு ஒன்றாக எழுதப்பட வேண்டிய திட்டம் அது. இதைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: 'பெற்றோருக்குப் புரியவில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்.' இந்த வாக்கியத்தைத்தான் வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் காகிதம் உருவாகக் காரணமானவர்களே பெற்றோர்கள்தாம். அவர்கள் போராடி எழுதவைத்த ஒன்று, அவர்களுக்கே 'விளக்கப்பட வேண்டிய' ஒன்றாக எப்படி மாறிற்று? இதில் போடப்படும் கையெழுத்து யாரைக் கட்டுகிறது, தாயையா பள்ளியையா?

2

'இயல்பான குழந்தை' என்பவர் எப்போதும் இருந்தவர் அல்லர். கட்டாயப் பள்ளி வந்த பிறகுதான் அவர் தெளிவான உருவம் பெற்றார். பிரான்சில் 1882ஆம் ஆண்டின் ஃபெர்ரி சட்டம் 6 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. எல்லாரையும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்துக்கு உட்கார வைத்ததும், அப்படி உட்கார முடியாத பிள்ளைகள் ஒரு 'பிரச்சினை'யாகக் கண்ணில் பட்டார்கள். 1904இல் கல்வி அமைச்சகம் இவர்களுக்காக ஒரு குழு அமைத்தது. 1905இல் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 30 சிறு சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சோதனைகள் வயதுவாரியாக அடுக்கப்பட்டன. 'மன வயது' என்கிற கருத்து அங்கிருந்து கிளம்புகிறது.

பினேயை வில்லனாக்கத் தேவையில்லை. அறிவு என்பது கூடாத, குறையாத அளவு என்ற பேச்சை அவரே 1909இல் கண்டித்து எழுதினார். எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டறிவதே அவருடைய கவலை. ஆனால் கருவி கைமாறியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹென்றி காடர்ட் 1908இல் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1910இல் 'மோரான்' என்ற சொல்லை உண்டாக்கினார். 1912இல் 'காலிகாக்' என்று புனைபெயரிட்ட ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கதையை எழுதி, மந்தபுத்தி வழிவழியாக வருவது, இவர்களைப் பிள்ளை பெற விடக் கூடாது என்று வாதிட்டார். 1927இல் கேரி பக் என்கிற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது சட்டப்படி சரியே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுமளவுக்கு இந்தச் சொல்லாடல் வளர்ந்திருந்தது.

நம் பக்கத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் வேறோர் அளவுகோல் வேலை செய்துகொண்டிருந்தது. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டிருந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் மலையாளிகளுக்கும் ஒரு பதிவு உண்டு. பாரிசில் பிள்ளையின் மனத்தை அளந்ததும் மதராசில் மலைவாசியின் மூக்கை அளந்ததும் ஒரே காலத்து அறிவின் இரண்டு வேலைகள். இரண்டிலும் அளக்கிறவர் கையில் பேனா. அளக்கப்படுகிறவருக்குக் காகிதத்தில் என்ன எழுதப்பட்டதென்று தெரியாது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. காடர்ட் இருந்த அதே வைன்லேண்ட் பள்ளியில்தான் 1935இல் எட்கர் டால் 'சமூக முதிர்ச்சி' அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். நாக்பூரில் மாலின் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்றளிப்பதற்கான 2018ஆம் ஆண்டின் மைய அரசு வழிகாட்டுநெறிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் இறங்கிச் சான்றிதழுக்குப் போகிற குழந்தையை நியூ ஜெர்சியில் பிறந்த கேள்விகள் எதிர்கொள்கின்றன.

3

ஃபூக்கோ தமது கண்காணிப்பும் தண்டனையும் பற்றிய நூலில், தேர்வு என்கிற உத்தி ஒவ்வோர் ஆளையும் ஒரு 'கோப்பு' ஆக்குகிறது என்று காட்டியிருப்பார். முன்பெல்லாம் எழுதப்படும் தகுதி அரசனுக்கும் வீரனுக்கும்தான். நவீன காலத்தில் குழந்தையும் நோயாளியும் கைதியும் நுணுக்கமாக எழுதப்படுகிறார்கள், புகழ்வதற்காக அல்ல, ஆள்வதற்காக. அந்த நூல் வெளிவந்தது 1975இல். தனியாள் கல்வித் திட்டத்தை உருவாக்கிய அமெரிக்கச் சட்டம் கையெழுத்தானதும் அதே 1975இல்தான், நவம்பர் 29ஆம் நாள். தற்செயல்தான். என்றாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தோன்றுகிறது. ஆளைக் கோப்பாக்குகிற அதே காகிதத்தைப் பிடுங்கி நிறுவனத்தின் பக்கம் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் ஒரு பதில்.

நடந்தது இதுதான். பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய 'மன வயதை' எட்டாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் விடலாம் என்று சட்டமே இருந்தது. பினேயின் எண் கதவுக்குப் பூட்டாகிவிட்டது. 1971 ஜனவரியில் அம்மாநிலத்துப் பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டது. கற்கவே முடியாத பிள்ளை என்று யாருமில்லை என்பது அவர்களின் வாதம். மாநிலம் இறங்கிவந்தது, 1972இல் உடன்பாடு நீதிமன்ற ஆணையாக முடிந்தது. அதே 1972இல் தலைநகர் வாஷிங்டனில் ஏழு குழந்தைகளின் சார்பில் இன்னொரு வழக்கு. அதற்குப் பெயர் தந்த பீட்டர் மில்ஸ் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன். 'நடத்தை சரியில்லை' என்று வெளியே நிறுத்தப்பட்டவன். பணமில்லை என்றது நிர்வாகம். பணம் குறைவென்றால் அந்தக் குறை ஊனமுற்ற குழந்தையின் தலையில் மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்றது நீதிமன்றம். கறுப்பின மக்களின் பள்ளி உரிமைப் போராட்டமும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பும் திறந்த வழியில்தான் இந்தப் பெற்றோர்கள் நடந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1975ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் இருப்பதாகவும், பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை என்றும், 10 லட்சம் பேர் பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்றது. பள்ளியின் பிரதிநிதி, ஆசிரியர், பெற்றோர், பொருத்தமான இடத்தில் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்து அதை எழுத வேண்டும். குழந்தை இன்று எந்த நிலையில் இருக்கிறது, ஓராண்டில் எதை எட்ட வேண்டும், அதற்கு என்னென்ன சேவை தரப்படும், மற்றக் குழந்தைகளோடு எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது தொடங்கி எவ்வளவு காலம், எட்டியதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி உட்கார வேண்டும். உடன்படாத பெற்றோர் நடுநிலை விசாரணை கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். ஆக, ஹெர்ஷலின் கைநாட்டு இங்கே தலைகீழாகிறது. கட்டப்படுகிறவர் பெற்றோர் அல்ல, பள்ளி.

இதைச் சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை மைய அரசு தரும் என்ற எதிர்பார்ப்பு ஒருநாளும் நிறைவேறவில்லை. 1982இல் காது கேளாத ஏமி ரௌலி என்ற சிறுமிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தர வேண்டியதில்லை, அவள்தான் தேறிவிடுகிறாளே என்றது உச்ச நீதிமன்றம். 1979இல் கலிஃபோர்னியாவின் லாரி பி. வழக்கில், அறிவு ஈவுச் சோதனையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அளவுக்கு மீறி 'மந்தபுத்தி' வகுப்புகளில் அடைத்தது அம்பலமாயிற்று. முத்திரை இல்லாவிட்டால் உதவி இல்லை. முத்திரை குத்தினால் ஒதுக்கிவைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் காகிதம் எப்போதும் இருந்துவருகிறது.

'பெற்றோர்' என்பதையும் கேள்விக்கு அப்பாற்பட்ட ஒன்றாக வைக்க முடியாது. 1943இல் லியோ கன்னர் ஆட்டிசத்தை விவரித்தபோதே பெற்றோரின் பாசக்குறைவு பற்றிய குறிப்பும் சேர்ந்துகொண்டது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று ஒரு புத்தகமே எழுதினார். கிரகணத்தில் வெளியே வந்தாய், போன பிறவிப் பாவம் என்று நம்மூரில் தாயைக் குத்துவதற்கும் சிகாகோப் பேராசிரியர் குத்தியதற்கும் நடையில்தான் வித்தியாசம். அந்தப் பழியிலிருந்து மீண்டுவரப் பெற்றோர்கள் போராடினார்கள். பிறகு அவர்களையும் தாண்டி ஒரு குரல் வந்தது. எங்களுக்காக அழாதீர்கள் என்று 1993இல் ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிசக்காரர் பெற்றோர்களைப் பார்த்தே எழுதினார். 1998இல் ஜூடி சிங்கர் தமது ஆய்வேட்டில் 'நரம்பியல் பன்மை' என்கிற கருத்தை முன்வைத்தார்: மூளைகள் பலவிதம், ஒன்றை அளவாக்கி மற்றதைக் குறையாக்காதே என்று. ஆகவே தனியாள் திட்டம் யாருடையது என்ற கேள்விக்குப் பள்ளி, பெற்றோர் என்ற இரண்டு பதில் போதாது. பேசாத குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

4

தமிழ்நாட்டுக்கு இது வெளியிலிருந்து வந்த சரக்கு மட்டுமல்ல. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முன்முயற்சியில் 1953இல் பால விகார் தொடங்கப்பட்டது. அதன் பயிற்சிப் பள்ளியோடு தொடர்புடைய பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற கருவியை உருவாக்கினார்கள். விஜய் ஹ்யூமன் சர்வீசஸ் வெளியிட்ட அது 1980களிலிருந்து இந்தியச் சிறப்புப் பள்ளிகளில் பரவலாகப் புழங்கிவருகிறது. 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். உடலசைவு, சாப்பாடு, உடை, கழிப்பறை, பிறர் சொல்வதைப் புரிதல், தான் சொல்லுதல், பழகுதல், எழுத்து, எண், நேரம், பணம், வீட்டுவேலை, ஊர் அறிதல், பொழுதுபோக்கு, தொழில் என்று போகிறது.

இதற்கும் பினேயின் வாரிசுகளுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. இது எண் தருவதில்லை; குழந்தை என்ன செய்கிறது என்று எழுதுகிறது. 360இல் எதைச் செய்கிறது, எதை இன்னும் செய்யவில்லை என்று வண்ணமிட்டுக் காட்டினால், அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது படமாகவே தெரியும். சில மாதம் கழித்து அதே படத்தில் வண்ணம் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு பிரதி இது என்பது கவனத்திற்குரியது.

இதற்கும் வரம்பு உண்டு. எந்தப் பட்டியலும் ஒரு வாழ்முறையை முன்னனுமானிக்கிறது. மணி பார்க்கத் தெரிவது ஒரு செயல் என்றால், பொழுதின் சாய்வைப் பார்த்து ஆட்டைப் பட்டிக்குத் திருப்புவது எந்தப் பகுதியில் வரும்? ஊர் அறிதல் என்பது பேருந்து எண் படிப்பதா, ஓடையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை தெரிவதா? இக்கேள்விகளை எழுப்பக்கூடியவர் அந்தக் குழந்தையோடு வாழ்கிறவர்தான். அவர் கூட்டத்தில் இல்லாவிட்டால் 'செய்யவில்லை' என்ற கட்டங்கள்தான் கூடும்.

5

இனிச் சட்டத்தின் கதை. 1974இல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மைய அரசு கொண்டுவந்தது. 1987இல் யுனிசெஃப் உதவியோடு பத்து வட்டாரங்களில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. 1994இல் சலமான்கா மாநாடு எல்லாருக்கும் ஒரே பள்ளி என்றது. 1995இல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. அதே ஆண்டில் 'பரிவார்' என்ற பெற்றோர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பும் உருவாயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2016இல் 21 வகைகளைக் கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

இவற்றில் தனியாள் திட்டம் எங்கே இருக்கிறது? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு 'தனியாளுக்கேற்ற அல்லது பிறவகையான' ஆதரவு தர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பெற்றோரோடு உட்கார்ந்து எழுது, ஒப்புதல் வாங்கு, மறுத்தால் விசாரணை வை என்ற பேச்சு அங்கே இல்லை. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழிகாட்டுநெறியில் 'ஐ.இ.பி.' இருக்கிறது: சிறப்பாசிரியர், பெற்றோரோடும் வல்லுநரோடும் கலந்து அதைத் தயாரிக்க வேண்டும். வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் ஆசிரியர், பெற்றோர் 'கலக்கப்படுகிறவர்'. அதுவும் சட்டமல்ல, வழிகாட்டுநெறி. மீறினால் எங்கே போய் நிற்பது? அமெரிக்காவிலிருந்து படிவம் வந்தது, படிவத்துக்குப் பின்னாலிருந்த சண்டையும் அதில் கிடைத்த அதிகாரமும் வரவில்லை. கோப்பாக்கும் பாதி வந்து, கேள்வி கேட்கும் பாதி கடலிலேயே நின்றுவிட்டது.

பெற்றோருக்குப் 'புரியாமல்' போவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் வாதம். எதையும் மாற்ற முடியாத காகிதத்தைப் புரிந்துகொள்ள யாரும் மெனக்கெடுவதில்லை. ரேஷன் அட்டையில் ஒரு பேர் விடுபட்டால் என்ன ஆகும் என்பது எழுத்தறியாத தாய்க்கும் தெரியும். அதில் அரிசி இருக்கிறது. ஐ.இ.பி.யில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஒதுக்கிடத்தையும் பார்க்கலாம். அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1200 ரூபாய் என்று தொடங்கி, பிறகு 3000 ஆகி, 2018இல் வந்த சமக்ர சிக்ஷாவில் 3500 ஆயிற்று. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான ஊனமுள்ள குழந்தை 'வீட்டிலிருந்தே' கற்பதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. தேர்வு என்ற பெயரில் இது வெளியேற்றத்துக்கு வழி என்று இயக்கங்கள் அப்போதே எச்சரித்தன. பேருந்து வராத ஊரில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

6

கொல்லிமலையில் பள்ளிக்கூடத்தின் வரலாறு நூறாண்டைத் தாண்டியது. 1910களில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் மிஷனரித் தம்பதியர் மருந்தும் பள்ளியும் கொண்டு மலையேறினார்கள். பின்னாளில் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் பெயர்பெற்ற பால் பிராண்ட் 1914இல் அவர்களுக்குப் பிறந்தவர். பிறகு அரசு வந்தது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. வேலைக்காக மலையிறங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பள்ளிகள் சோறும் படிப்பும் தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் உறைவிடப் பள்ளி என்கிற வடிவமே பெற்றோரைத் தூரத்தில் வைத்துக் கட்டப்பட்டது. தனியாள் திட்டமோ தாயையும் ஆசிரியரையும் ஒரே பாயில் உட்காரச் சொல்கிறது.

இன்னொரு சிக்கல், துறைகள். உறைவிடப் பள்ளி ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையுடையது. சிறப்பாசிரியர் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர். சான்றிதழ் தருவது அரசு மருத்துவர். அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. ஒரு குழந்தையின் காகிதம் நாலு வாசல் ஏற வேண்டும். நாலிலும் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. மொத்தக் குழந்தையையும் பார்க்கிற வாசல் எது என்பதே கேள்வி. அப்படிப் பார்ப்பவர் தாய் ஒருவர்தான். கையெழுத்து தவிர அவரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழக அரசின் ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் உண்டு. புளியமரத்தில் எந்தக் கிளையில் எந்தப் பறவை வந்து உட்காரும் என்று தெரிந்து அந்த நேரத்துக்குப் போய் நிற்கிற பிள்ளையைப் பற்றி, வெளியுலக நினைப்பே இல்லாதவன் என்று எழுதிக் கையில் கொடுத்தால் பெற்றவர் என்ன புரிந்துகொள்வார்? 'எம் புள்ளயப் பத்தி இல்ல இது' என்றுதானே நினைப்பார்?

இங்கே ஒரு மயக்கத்தையும் தவிர்க்க வேண்டும். மலைமக்கள் எல்லாக் குழந்தைகளையும் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள், பள்ளிதான் வந்து பிரித்தது என்று கதை எழுதுவது நமக்குச் சுலபம். 'வெகுளி', 'மந்தம்', 'கிறுக்கு' என்ற சொற்கள் எல்லா ஊரையும்போல மலையிலும் உண்டு. வேலைக்குப் போகும்போது பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டிய கதி ஏழைத் தாய்க்கு எங்கும் உண்டு. ஆனால் 'ஆளுக்கொரு திட்டம்' என்கிற கருத்து மட்டும் இம்மக்களுக்கு அந்நியமானதல்ல. சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, திருகுலசாமை, பெருஞ்சாமை என்று பலவற்றைப் பேணியவர்கள் அவர்கள். எல்லாக் கொல்லைக்கும் ஒரே விதையைப் போடுவதில்லை. மண், சரிவு, எத்தனை நாளில் கதிர் வரும் என்று பார்த்துத்தான் போடுவார்கள். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமையின் பரப்பு சுருங்கிற்று. ஒரே பயிர், ஒரே விலை. ஒரே பாடநூலும் ஒரே தேர்வும் என்ன செய்யும் என்று இவர்களுக்குத் தனியே வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆகவே 'விழிப்புணர்வு' என்பதை விட்டுவிட்டு, கேள்விகளைக் கைமாற்றுவதே நாம் செய்யக்கூடிய வேலை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாரத்தைச் சோளக்காடு சந்தையில் பேசுகிற தமிழில் சொன்னால் நாலு கேள்விதான். இன்னைக்கு எம் புள்ள என்னென்ன செய்யுது? ஒரு வருசத்துல புதுசா என்ன செய்யணும்? அதுக்கு யாரு, வாரத்துல எத்தன மணி நேரம், எங்க வச்சுச் சொல்லிக்குடுப்பாங்க? மறுபடி எப்ப உக்காந்து பாப்போம், நடக்கலேன்னா என்ன செய்வீங்க? முதல் கேள்விக்குத் தாய் சொல்லும் பதில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதப்பட வேண்டும். குழந்தை எதை விரும்புகிறது, எதைக் கண்டு காதைப் பொத்திக்கொள்கிறது என்பதும் எழுதப்பட வேண்டும். பேசாத குழந்தை கூட்டத்தில் பேசுவது அந்த வரிகள் வழியாகத்தான். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் திட்டமல்ல. நாலாவதுக்கு ஒரு தேதி வேண்டும். முழுவதையும் வாசித்துக் காட்டி, ஒரு படி வீட்டுக்குக் கொடுத்த பிறகே கைநாட்டு.

இதைக் கேட்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு அதில் விகிதப்படி இடம் உண்டு; 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஊனமுற்ற குழந்தைகளை அந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறது. 22ஆம் பிரிவு சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருகிறார் என்பதை அதில் எழுதவைக்கலாம். நடக்காவிட்டால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநில ஆணையரிடம் முறையிடலாம். பென்சில்வேனியாவின் பெற்றோர்களுக்கு 1971இல் இந்தளவு சட்டம்கூட இல்லை, சங்கம் இருந்தது. கொல்லிமலையின் நாடுகளில் இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் இறங்கி ஏறும்வரை, சட்டத்தில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் காகிதமாகவே இருக்கும். அவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதில் மலையில் வேலை செய்யும் அமைப்புகளும் தோழர்களும் என்ன செய்திருக்கிறோம் என்ற கணக்கை நாம் எடுக்க வேண்டியிருக்கிறது. விவாதம் அங்கிருந்து தொடரட்டும்.